தொட்டுப் பார்க்காத வைத்தியமும் பலிக்காமல் போகும் மருந்தும்

2025 டிசம்பர் 28 அன்று 'மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமர் மோடி ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பற்றிப் பேசினார். நிமோனியாவுக்கும் சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கும் கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக்குகள் பலனிழந்து வருவதாக ஐ.சி.எம்.ஆர். அறிக்கை சொல்கிறது, மக்கள் யோசிக்காமல் மாத்திரை விழுங்குவதுதான் இதற்கு முக்கியக் காரணம், டாக்டரைக் கேட்காமல் சாப்பிடாதீர்கள். அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்.

அறிக்கை சொன்னது உண்மை. குற்றவாளியாக நிறுத்தப்பட்ட ஆள்தான் தவறு.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 18 முதல் 24 வரை இதற்காகவே ஒரு விழிப்புணர்வு வாரம் உலகம் முழுவதும் நடக்கிறது. ஆஸ்பத்திரிச் சுவர்களில் சுவரொட்டி ஒட்டுவார்கள். 'சீட்டு இல்லாமல் மருந்து வாங்காதீர்', 'பாதியில் நிறுத்தாதீர்', 'கைகளைக் கழுவுங்கள்' என்று எல்லாமே வினைமுற்றில், எல்லாமே நம்மைப் பார்த்து. கழுவுவதற்குத் தண்ணீர் வருகிறதா என்று கேட்கும் சுவரொட்டி ஒன்றும் கிடையாது. சீட்டு எழுதித் தரும் டாக்டர் எத்தனை மணிக்கு, எத்தனை கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்கும் சுவரொட்டியும் கிடையாது. படிக்காதவன், ஏழை, சேரிக்காரன் மருந்தைக் கெடுத்துவிட்டான் என்பதுதான் அந்தச் சுவரொட்டிகளின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் அச்சிடப்பட்டிருக்கும் வரி.

அந்த வரியைத்தான் இங்கே எதிர்க்கிறோம். நம் ஊரில் ஆன்டிபயாடிக் வெறும் மருந்து அல்ல. இந்தச் சமூகம் கொடுக்க மறுத்த தண்ணீருக்கும், கழிப்பறைக்கும், கூலியோடு கூடிய விடுப்புக்கும், தொட்டுப் பார்க்கும் ஒரு டாக்டரின் கைக்கும் பதிலாகக் கொடுக்கப்படும் பொருள் அது. பதிலுக்குக் கொடுத்துக் கொடுத்தே அதைத் தேய்த்துவிட்டு, இப்போது வாங்கிக்கொண்டவன் மேல் பழியைப் போடுகிறார்கள்.

இதைப் பேசக் காஞ்சிபுரத்தை எடுத்துக்கொள்வோம். பட்டும் கோயிலும் என்று உலகத்துக்குக் காட்டப்படும் ஊர். தறியில் உட்காருபவரும், சாக்கடையில் இறங்குபவரும், கருவறைக்குள் நிற்பவரும் யார் யார் என்பதைப் பிறப்பு எழுதி வைத்திருக்கும் ஊரும் அதுதான்.

இரண்டு கிருமிகள், இரண்டு கதைகள்

முதலில் விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். நிமோனியா என்பது நுரையீரலின் காற்றுப்பைகளில் தொற்று ஏற்பட்டுச் சீழும் நீரும் கட்டிக்கொள்வது. அதை உண்டாக்கும் கிருமிகள் பல. இங்கே இரண்டைப் பார்த்தால் போதும்.

ஒன்று நிமோகாக்கஸ். வீட்டில், தெருவில், பள்ளியில் பரவுவது. குழந்தைகளையும் முதியவர்களையும் அதிகம் தாக்குவது. ஒரு காலத்தில் கிராமச் செவிலியர் கையில் இருந்த கோட்ரைமாக்சசோல் மாத்திரை இதனிடம் பெருமளவு தோற்றுவிட்டது. எரித்ரோமைசின், அசித்ரோமைசின் வகை மருந்துகளுக்கும் கணிசமான எதிர்ப்பு வந்துவிட்டது. ஆனால் பழைய, மலிவான அமாக்சிசிலின் இந்தியாவில் இந்தக் கிருமியிடம் இன்னும் பெரும்பாலும் பலிக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொன்று கிளெப்சியெல்லா. குடலிலும் சாக்கடையிலும் மருத்துவமனைக் குழாய்களிலும் வாழ்வது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் கிடப்பவரின் நுரையீரலுக்குள் புகுவது. ஐ.சி.எம்.ஆர். கண்காணிப்பில் உள்ள மருத்துவமனைகளில் 2017இல் பத்துக் கிளெப்சியெல்லா மாதிரிகளில் ஏறக்குறைய ஆறு, இமிபெனம் என்ற கடைசிக்கட்ட மருந்துக்குக் கட்டுப்பட்டன. 2023இல் அது நான்குக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆறே ஆண்டுகள்தான்.

உலக அளவில் 2019இல் மட்டும், எதிர்ப்புப் பெற்ற பாக்டீரியாக்கள் நேரடியாகக் கொன்றவர்கள் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று 'லான்செட்' இதழில் 2022இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. இந்த எதிர்ப்போடு தொடர்புடைய சாவுகளில் நுரையீரல் தொற்றுக்கே முதலிடம். அதிகம் கொன்ற ஆறு கிருமிகளின் பட்டியலில் மேலே சொன்ன இரண்டும் இருக்கின்றன.

எதிர்ப்பு எப்படிப் பரவுகிறது? மருந்துக்குத் தப்பிய பாக்டீரியா அந்த வித்தையைத் தன் சந்ததிக்கு மட்டும் தருவதில்லை. பக்கத்தில் இருக்கும் வேறு இனப் பாக்டீரியாவுக்கும் மரபணுத் துணுக்காகக் கைமாற்றிவிடுகிறது. கிருமிகளுக்கு அகமணமுறை தெரியாது. கொடுத்து வாங்கி வாழ்கின்றன. மனிதர்கள்தான் இங்கே கிணற்றையும் குவளையையும் பிரித்து வைத்துக்கொண்டு, நோய் மட்டும் தம் தெருவுக்கு வராது என்று நம்புகிறார்கள்.

பெயருக்கு வந்த கோபம், சாவுக்கு வரவில்லை

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கு ஒரு பழைய பக்கம் உண்டு. கடைசிக்கட்ட மருந்துகளையும் முறிக்கும் என்.டி.எம்-1 என்ற நொதி, டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு ஸ்வீடன் நோயாளியிடம் 2008இல் எடுக்கப்பட்ட கிளெப்சியெல்லா கிருமியில்தான் முதலில் அடையாளம் காணப்பட்டது. பெயரிலேயே புது டெல்லி இருக்கிறது. 2010இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியும், பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிமதி வால்ஷ் உள்ளிட்டோரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, இந்த மரபணு கொண்ட கிருமிகளை சென்னையில் 44 மாதிரிகளிலும் ஹரியானாவில் 26 மாதிரிகளிலும் கண்டதாகச் சொன்னது.

ஆட்சியாளர்களுக்குக் கோபம் வந்தது. கிருமி மேல் அல்ல, பெயர் மேல். இந்தியாவின் தலைநகரத்தை ஒரு கிருமிக்குச் சூட்டுவதா, மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதியா என்று கூச்சல் எழுந்தது. 2011இல் அதே குழுவினர் டெல்லித் தெருக்களில் எடுத்த 171 தேங்குநீர் மாதிரிகளில் 51-லும், 50 குழாய்நீர் மாதிரிகளில் 2-லும் அந்த மரபணு இருந்ததாக எழுதினார்கள். அப்போதும் ஆய்வு மேல்தான் கோபம். அந்தத் தண்ணீரில் கால் வைத்து நடப்பவர் யார், அதில் இறங்கி அடைப்பு எடுப்பவர் யார், அவருடைய நுரையீரலும் குடலும் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. தேச மானம் என்று இவர்கள் சொல்வதில் மலக்குழிக்குள் இறங்குபவருக்கு என்றுமே பங்கு இருந்ததில்லை.

மூச்சை எண்ணக் கை வேண்டும்

குழந்தைக்கு நிமோனியாவா, சாதாரணச் சளியா என்று கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறை எளிமையானது. சட்டையை மேலே தூக்கிவிட்டு, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். 2 மாதம் முதல் 11 மாதம் வரையுள்ள குழந்தைக்கு நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், 1 வயது முதல் 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமூச்சு. மூச்சை இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிகிறதா என்று பார்க்க வேண்டும். சளிதான் என்றால் ஆன்டிபயாடிக் வேண்டாம். நிமோனியா என்றால் அமாக்சிசிலின். ஒரு குழந்தையின் முழுச் சிகிச்சைக்கும் ஆகும் மருந்துச் செலவு அரை டாலருக்கும் குறைவு என்கிறது யுனிசெஃப்.

ஆக, மருந்தைக் காப்பாற்றத் தேவைப்படுவது இரண்டு: ஒரு நிமிட நேரம், தொடும் கை. இந்த நாட்டில் யாருக்கு அந்த இரண்டும் மறுக்கப்படுகின்றன?

குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்குச் சுகாதார சேவை எப்படிக் கிடைக்கிறது என்று சங்கமித்ரா ஆச்சார்யா ஆய்வு செய்து 2010இல் வெளியிட்டார். தொடாமல் நோய் பார்ப்பது, மருந்தைக் கையில் தராமல் தள்ளி வைப்பது, மற்றவர்களைப் பார்த்து முடித்த பிறகே கூப்பிடுவது என்று பாகுபாடு ஒவ்வொரு படியிலும் பதிவானது. அது வடநாட்டில்தானே என்று தமிழ்நாட்டில் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். இரட்டைக் குவளையை இன்னும் முழுதாக ஒழிக்காத நம் கிராமங்களில், தொடும் கை மட்டும் சாதி மறந்துவிடும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

தொடாமல் வைத்தியம் பார்ப்பவர் என்ன செய்வார்? நிமோனியாவா சளியா என்று அவருக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஆன்டிபயாடிக்கை எழுதுவார். தீண்டாமை ஒரு மருந்துச்சீட்டாக மாறும் இடம் இது. தேவையில்லாத குழந்தைக்கு மருந்து போய்ச் சேரும்; கிருமி பழகிக்கொள்ளும்; தேவையான குழந்தைக்கு அது பலிக்காமல் போகும். மருந்து எதிர்ப்பு பற்றிய மேடைகளில் தீண்டாமை என்ற சொல்லை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

தறிக்கு விடுப்பு இல்லை

இப்போது காஞ்சிபுரத்துக்கு வருவோம். பிள்ளையார்பாளையத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் பட்டுத்தறியில் உட்காருபவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. சேலை இறங்கினால்தான் கூலி. ஒரு சேலைக்குப் பல நாட்கள் ஆகும். கரையும் உடலும் தனி நிறத்தில் கோக்கும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டாவது ஆளும் வேண்டும். ஒருவர் படுத்தால் இருவர் கூலியும் போகும். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் வேறு கழுத்தில் நிற்கும்.

அந்த இரண்டாவது ஆள் ஒரு காலத்தில் பெரும்பாலும் குழந்தையாக இருந்தது. முன்பணத்துக்கு ஈடாகத் தறிக்கு விடப்பட்ட கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. ஈரமான, வெளிச்சமில்லாத, நெருக்கடியான அறைகள். அங்கே காசநோய் போன்றவை எளிதில் பரவுகின்றன என்று அந்த அறிக்கை எழுதியது. கல்யாணப் பட்டின் மினுமினுப்பைப் பார்க்கிறவர் கண்ணுக்கு அந்த அறை தெரியாது.

இந்த நெசவாளிக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தால் என்ன வழி? அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளிச் சீட்டு காலையில் கொடுக்கிறார்கள். அந்த நேரம் தறியில் இருக்க வேண்டிய நேரம். தறி நிற்பது மாலையில். மாலையில் திறந்திருப்பது மருந்துக்கடை. 'அண்ணே, இருமலுக்கு நல்லதா ஒரு மாத்திரை குடுங்க, நாளைக்கு வேலைக்குப் போகணும்' என்கிறார். இரண்டு நாள் மாத்திரைக்குத்தான் கையில் காசு. இரண்டு நாளில் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுகிறார். இதற்குப் பெயர் அறியாமையா? வாழ்க்கைக் கணக்கை இதைவிடத் துல்லியமாக யாராலும் போட முடியாது. கணக்கின் விடை தவறாக வருகிறது என்றால், கொடுக்கப்பட்ட எண்கள் தவறு.

தூய்மைப் பணியாளரின் கணக்கு இதைவிடக் கொடியது. தினக்கூலி ஒப்பந்தத்தில் படுத்தால் அன்றைய கூலி இல்லை. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் இரவும் பகலும் 13 நாட்கள் உட்கார்ந்து, தனியார்மயம் வேண்டாம், பணி நிரந்தரம் வேண்டும் என்று கேட்டவர்களை நள்ளிரவில் அப்புறப்படுத்தியது அரசு. பணி நிரந்தரம் என்பதில் மருத்துவ விடுப்பும் அடக்கம். அந்தப் போராட்டத்தை மருந்து எதிர்ப்புக்கு எதிரான போராட்டம் என்று எந்த நிபுணரும் சொல்லவில்லை. நாம் சொல்வோம்.

சேரிக்கு ஊசி போட வரும் போலி டாக்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் போடும் கண்மூடித்தனமான ஊசியை நியாயப்படுத்த முடியாது. ஆனால் அந்த வாசலுக்கு, அந்த நேரத்துக்கு வருகிறவர் அவர் ஒருவர்தான் என்றால், அவரைப் பிடித்துக்கொண்டு போவதோடு அரசின் கடமை முடிந்துவிடாது. அவர் நின்ற இடத்தில் நாளை மாலை யார் நிற்பார்?

அதிகம் விழுங்குகிறோமா?

இந்தியர்கள் மாத்திரையைக் கடலை போல் தின்கிறார்கள் என்பது இன்னொரு பொய். 2019இல் தனியார் சந்தையில் விற்ற ஆன்டிபயாடிக்குகளைக் கணக்கிட்டு 2022இல் வந்த ஆய்வு, ஆயிரம் பேருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 10 தினசரி மருந்தளவு என்றது. இது பல நாடுகளைவிடக் குறைவு என்றும் சொன்னது. பிரச்சினை எதை விழுங்க வைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. விற்றதில் ஏறத்தாழ பாதி, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் இல்லாத தயாரிப்புகள். முதலிடத்தில் விற்றது அசித்ரோமைசின் 500 மி.கி. மாத்திரை.

முன்னால் சொன்னதை இப்போது சேர்த்துப் பாருங்கள். நிமோகாக்கஸிடம் இன்னும் பலிக்கும் அமாக்சிசிலின், 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாக அரசு நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தத் திட்டம் தமிழ்நாடு உண்மையிலேயே பெருமைப்பட வேண்டியது. எதிர்ப்பு ஏறிவிட்ட வகையைச் சேர்ந்த மருந்தோ, கடைகளில் முதலிடம் பிடிக்கிறது. இதைத் தேர்ந்தெடுத்தது பிள்ளையார்பாளையத்து நெசவாளியா? கம்பெனியும், அதன் விற்பனைப் பிரதிநிதியும், பரிசுக்கு மசியும் டாக்டரும், ஒப்புதல் இல்லாத கலவைகளைச் சந்தையில் விட்டுவைத்த அரசும் எந்தச் சுவரொட்டியிலும் இல்லை.

சீட்டு இல்லாமல் விற்பதைத் தடுக்க 2014 மார்ச் முதல் எச்-1 அட்டவணை விதி நடைமுறையில் இருக்கிறது. கடைசிக்கட்ட மருந்துகளுக்கு அது கண்டிப்பாக வேண்டும். ஆனால் டாக்டரை அனுப்பாமல் கடையை மட்டும் பூட்டினால், சாகப்போவது யார் என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆன்டிபயாடிக் எல்லோருக்கும் கிடைத்தாலே ஆண்டுக்குச் சுமார் 4 லட்சத்து 45 ஆயிரம் குழந்தைகளின் நிமோனியாச் சாவைத் தடுக்கலாம் என்று ரமணன் லக்ஷ்மிநாராயண் உள்ளிட்டோர் 2016இல் 'லான்செட்' இதழில் மதிப்பிட்டார்கள். மருந்து அதிகமானதால் ஒரு பக்கம் சாவு. மருந்தே கிடைக்காததால் இன்னொரு பக்கம் சாவு. இரண்டாவது பக்கம் நிற்பவர்களைப் பார்த்துத்தான் 'குறைத்துச் சாப்பிடு' என்கிறார்கள்.

48 நாள் முடிந்தது, 365 நாள் ஏன் முடியவில்லை?

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை குளத்திலிருந்து வெளியே எடுக்கப்படும் அத்திவரதரைப் பார்க்க ஒரு கோடிப் பேர் அளவுக்குக் காஞ்சிபுரம் வந்தார்கள். 48 நாளும் தற்காலிகக் கழிப்பறைகள், குடிநீர், மருத்துவ முகாம்கள், வெளியூர்களிலிருந்தும் கொண்டுவரப்பட்ட தூய்மைப் பணியாளர்கள் என்று அரசு இயந்திரம் முழுவதும் அங்கே நின்றது. நல்லது. கூட்டத்தில் தொற்று பரவாமல் இருக்கத் தண்ணீரும் கழிப்பறையும் மருத்துவரும் ஒரே இடத்தில் வேண்டும் என்பது அரசுக்குத் தெரிந்திருக்கிறது.

அதே ஊரில் வேகவதி ஆறும் மஞ்சள்நீர்க் கால்வாயும் சாக்கடை சுமந்து ஓடுகின்றன. வேகவதிக் கரையில் குடிசை போட்டிருந்த உழைக்கும் மக்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று சொல்லி ஊருக்கு வெளியே கீழ்க்கதிர்ப்பூர் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். ஆற்றைக் கெடுத்தது குடிசைதான் என்றால், குடிசை போன பின் சாக்கடை ஏன் போகவில்லை?

சாக்கடைக்கும் நிமோனியாவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கிளெப்சியெல்லா குடலில் வாழ்கிறது, மலத்தோடு வெளியேறுகிறது, சாக்கடையில் மற்ற கிருமிகளோடு எதிர்ப்பு மரபணுவைப் பரிமாறிக்கொள்கிறது, கெட்ட தண்ணீர் வழியாக மறுபடியும் குடலுக்கு வருகிறது. அந்தக் குடலோடு ஒருவர் மருத்துவமனைக்குப் போய் வென்டிலேட்டரில் படுக்கும்போது அது நுரையீரலைப் பிடிக்கிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது, குழந்தைகள் நோயில் விழுந்து டாக்டர்கள் சந்தேகப்பட்ட பிறகே வெளியே வந்தது. மலம் கலந்த தண்ணீரைக் குடிக்க வைத்துவிட்டு, அதனால் வரும் நோய்க்கு மாத்திரை கொடுத்துவிட்டு, மாத்திரை அதிகம் சாப்பிடாதே என்று சொல்லும் நாட்டுக்கு என்ன பெயர் வைப்பது?

ஆலைக்கழிவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹைதராபாத் அருகே படான்செருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை ஸ்வீடன் ஆய்வாளர் யோகிம் லார்சன் குழு 2007இல் பதிவு செய்தது. மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினாற்போல. கழிவில் ஆன்டிபயாடிக் இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2020 ஜனவரியில் வரைவு விதி போட்டது. 2021இல் வந்த இறுதி விதியில் அந்த வரம்புகள் காணாமல் போயின. பாதிக் கோர்ஸில் மாத்திரையை நிறுத்தும் கூலித் தொழிலாளிக்கு வானொலியில் உபதேசம். ஏரியையே மருந்துக் குட்டையாக்கும் முதலாளிக்கு விதிவிலக்கு.

தடுப்பூசியும் புது மருந்தும் யாருக்கு?

நோயே வராமல் செய்தால் மருந்தும் மிச்சம். நிமோகாக்கஸ் தடுப்பூசி அமெரிக்காவில் 2000இல் அனுமதி பெற்றது. இந்தியாவில் வசதியுள்ளவர்கள் ஒரு தவணைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தனியார் மருத்துவமனைகளில் பிள்ளைகளுக்குப் போட்டுக்கொண்டார்கள். அரசு இலவசத் திட்டத்தில் 2017இல் சில மாநிலங்களில் மட்டும் தொடங்கி, தமிழ்நாடு உட்பட நாடு முழுவதும் வந்தது 2021இல். 21 ஆண்டு இடைவெளி. ஃபைசர் நிறுவனத்தின் தடுப்பூசிக்குக் காப்புரிமை கொடுக்காதே என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு எதிர்த்தும், 2017 ஆகஸ்டில் இந்தியா கொடுத்தது. சீரம் நிறுவனத்தின் மலிவான தடுப்பூசி 2020 இறுதியில் வந்த பிறகுதான் ஏழைக் குழந்தையின் முறை வந்தது.

இங்கே நம் பக்கத்திலேயே இருக்கும் சிலரோடும் சண்டை போட வேண்டியிருக்கிறது. தடுப்பூசி கார்ப்பரேட் சதி, ஆன்டிபயாடிக்கே விஷம், மரபுக்குத் திரும்புவோம் என்று முற்போக்கு வேடத்தில் பேசும் கூட்டம் அது. நிமோனியாவில் மூச்சு இழுக்கும் குழந்தைக்கு அமாக்சிசிலினைத் தள்ளிப்போடச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவர் அந்தக் குழந்தையின் எதிரி. நாம் கேட்பது மருந்தை மறுப்பதற்கான உரிமையை அல்ல. நல்ல மருந்தைச் சரியான நேரத்தில் பெறும் உரிமையை.

புது மருந்துக்கு வருவோம். 2019 நவம்பர் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த ஆலத்தூரில் ஆலை வைத்திருக்கும் ஆர்க்கிட் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது என்மெட்டாசோபாக்டம். எதிர்ப்புப் பெற்ற சில கிருமிகளை வெல்ல செஃபிபைம் மருந்தோடு சேர்த்துக் கொடுக்கப்படுவது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதே ஆண்டில் ஐரோப்பா, மருத்துவமனையில் வரும் நிமோனியாவுக்கும் அனுமதித்தது. அறிவு இங்கே இருக்கிறது, ஆலை இங்கே இருக்கிறது. மருந்து யாருக்கு? கடைசிக்கட்ட மருந்துகளுக்கும் கட்டுப்படாத கிருமித் தொற்று வந்தவர்களில் இந்தியாவில் பொருத்தமான சிகிச்சை பெற்றவர்கள் 2019இல் வெறும் 7.8 விழுக்காடு என்று 2025இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை. மீதி 92 பேர் எந்தத் தெருக்காரர்கள் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, புற்றுநோயில் மறைந்த அண்ணாவின் பெயர் தாங்கியது. புற்றுநோய் மருந்து ஏறும்போது உடலின் எதிர்ப்பாற்றல் விழுந்துவிடும். அந்த நாட்களில் நிமோனியா வந்தால் ஆன்டிபயாடிக்தான் ஒரே அரண். அது பலிக்காவிட்டால் புற்றுநோய்ச் சிகிச்சையே செய்ய முடியாது. காசில்லாதவர்கள் வந்து படுக்கும் இத்தகைய அரசுக் கட்டில்களுக்குப் புது மருந்து என்றைக்கு, என்ன விலையில் வரும் என்பதுதான் ஆலத்தூரைப் பார்த்து நாம் கேட்க வேண்டிய கேள்வி.

சாவை வகுப்புவாரியாக எண்ணு

'கிருமிக்கு ஏது சாதி? இதிலுமா சாதியைக் கொண்டு வருவீர்கள்?' என்று கேட்பார்கள். கிருமிக்குச் சாதி இல்லைதான். சாவுக்கு இருக்கிறது. 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 5 வயதுக்குள் இறப்பவர்கள் பட்டியல் சாதியில் 56, பழங்குடியில் 57. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் அல்லாத மற்றவர்களில் 39. சாதியை இதில் கொண்டு வந்தவர்கள் நாம் அல்ல.

ஐ.சி.எம்.ஆர். தன் அறிக்கையில் எந்தக் கிருமி, எந்த மருந்து, எந்த மாதிரி, புறநோயாளியா, வார்டா, தீவிர சிகிச்சைப் பிரிவா என்று பிரித்துப் பிரித்து எழுதுகிறது. நோயாளி என்ன தொழில் செய்கிறார், எங்கே குடியிருக்கிறார், எந்தச் சமூகம் என்ற பிரிவு அதில் இல்லை. எண்ணாத சாவுக்கு யாரும் பொறுப்பேற்கத் தேவையில்லை என்பது ஆளும் வர்க்கத்துக்குத் தெரியும். 1925 நவம்பரில் இதே காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை ஏற்க மறுத்தபோதுதான் பெரியார் வெளியேறினார். வேலையிலும் கல்வியிலும் வகுப்புவாரியாக எண்ணு என்று அன்று தொடங்கிய கோரிக்கைக்கு நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. சாவையும் அப்படி எண்ணு என்று இன்று சேர்த்துக் கேட்கிறோம்.

கேட்க வேண்டியவை சிக்கலானவை அல்ல. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாலை நேரப் புறநோயாளிப் பிரிவு, தறிக்காரரும் கூலிக்காரரும் போகக்கூடிய நேரத்தில். தூய்மைப் பணியாளருக்கும் நெசவாளருக்கும் கூலியோடு மருத்துவ விடுப்பு. தொட மறுக்கும் மருத்துவப் பணியாளர் மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். வேகவதிக்கும் மஞ்சள்நீர்க் கால்வாய்க்கும் சாக்கடைச் சுத்திகரிப்பு, அதில் மனிதனை இறக்காமல். கைவிடப்பட்ட ஆலைக்கழிவு வரம்பு மறுபடியும் சட்டமாக. புதிய ஆன்டிபயாடிக்குகள் அரசு மருத்துவமனை வழியாக, இலவசமாக, கட்டுப்பாட்டோடு.

தோழர்களே, அடுத்த நவம்பரிலும் அந்த வாரம் வரும். கல்லூரியில் உறுதிமொழி எடுக்கச் சொல்வார்கள். எடுங்கள், தேவையில்லாமல் மாத்திரை போடாதீர்கள், எழுதிக் கொடுத்ததை முழுதாகச் சாப்பிடுங்கள். அது சரியானதுதான். உறுதிமொழி முடிந்ததும் மேடையில் இருக்கும் அதிகாரியிடம் கையை உயர்த்தி ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மாவட்டத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு, சேரியில் மூச்சிரைக்கும் ஒரு குழந்தையின் சட்டையைத் தூக்கி ஒரு நிமிடம் எண்ண, நீங்கள் யாரை அனுப்பியிருக்கிறீர்கள்?